நிலாம் கணக்கு ஏறுகிறது, வாசிப்பு ஏறுகிறதா?

கெடா, கோல மூடா மாவட்டத்தில் சுங்கைப்பட்டாணியை ஒட்டிய ஊர் புக்கிட் செலம்பாவ். பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்து மக்கள் பட்டணத்துப் பக்கம் நகர்ந்துவிட்டதால், இந்த வட்டாரத்தில் பல தமிழ்ப்பள்ளிகள் சிறிய பள்ளிகள். 150 பேருக்கும் குறைவாக மாணவர்கள் இருந்தால், கல்வி அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி.

அப்படிப்பட்ட பள்ளியில் நூலகர் என்று தனியாக ஒருவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். நூலக ஊடக ஆசிரியர் என்ற பொறுப்பு ஓர் ஆசிரியரின் தலையில் இருக்கும். காலையில் கணிதம் எடுப்பவரும், மாலையில் பூப்பந்து அணியைக் கவனிப்பவரும் அவராகவே இருக்கலாம். மின்னியல் கருவிகளைக் கொண்டு பிள்ளைகளை வாசிக்க வைக்க வேண்டியவரும் அவரே.

நாடு தழுவிய வாசிப்புத் திட்டமான நிலாம் 1990களின் இறுதியிலிருந்து நடக்கிறது. பிள்ளைகள் படித்த நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், சுருக்கம் ஆகியவற்றை முன்பு குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கினார்கள். இன்று அதே விவரங்கள் ஐன்ஸ் எனப்படும் இயங்கலைத் தளத்தில் ஏறுகின்றன. உள்ளே போக டெலிமா அடையாளக் கணக்கு வேண்டும். டெலிமா என்பது 2020 ஜூனில் அமைச்சு தொடங்கிய கற்றல் தளம். அதற்கு முன் இருந்த ஃபிராக் தளம் 2019-இல் பள்ளிகளிலிருந்து விடைபெற்றது.

ஐன்ஸ் நல்ல பதிவேடுதான். யார் எத்தனை நூல் படித்தார் என்று உடனே காட்டும். ஆனால் பின்னட்டையில் உள்ள நாலு வரியை அப்படியே தட்டிவிட்டாலும் எண்ணிக்கை ஏறிவிடும். ஆசிரியர் படித்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் அத்தனை பதிவையும் படிக்க அவருக்கு நேரம் ஏது? கடவுச்சொல்லை மறந்த பிள்ளைகளுக்கு உதவுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. கருவியைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு விதி போதும் என்பேன். நூலையும் பிள்ளையையும் சேர்த்து வைக்கிறதா, எண்ணிக்கையை மட்டும் சேர்க்கிறதா என்று பார்த்தால் முடிந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. புத்தக அலமாரியில் கியூஆர் குறியீடு ஒட்டுங்கள் என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்கிறார்கள். பொதுவாக மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. பிறகு அலமாரியில் ஒட்டி யார் பார்ப்பது? இரவல் போகும் நூலின் உள்ளட்டையில் ஒட்டினால் பயன் உண்டு. ஆசிரியர் தம் குரலில் முதல் இரண்டு பக்கத்தை வாசித்துப் பதிவேற்றி, அதற்கான குறியீட்டை ஒட்டிவிடலாம். அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அவருடைய கைப்பேசியில் பிள்ளை கேட்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கும் அது உதவும்.

வகுப்பில் புதிர்ப்போட்டி நடத்த கஹூட் பெயர் பெற்றது. ஆனால் ஆளுக்கொரு கருவி இல்லாத இடத்தில் எனக்குப் பிடித்தது ப்ளிக்கர்ஸ். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் அச்சிட்ட அட்டை இருக்கும். அதிலுள்ள கறுப்புக் கட்டக் குறியின் நான்கு பக்கமும் நான்கு விடைகள். கதையின் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று ஆசிரியர் கேட்கிறார். தங்கள் விடை மேலே வரும்படி பிள்ளைகள் அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார்கள். ஆசிரியர் தம் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால், யார் என்ன சொன்னார் என்பது திரையில் வந்துவிடும். கையே தூக்காத கடைசி வரிசைப் பையனும் பதில் சொல்லிவிடுகிறான். பக்கத்தில் இருப்பவர் எந்த விடையைப் பிடித்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அட்டைக்கு அட்டை குறி வேறு.

கதைக்கு எங்கே போவது? பெங்களூரின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வாசிப்பு நிலை நான்கு. முதல் நிலைக் கதை 250 சொல்லைத் தாண்டாது. படிநிலை ஒன்றுக்கு, அதாவது முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு, அது சரியான அளவு. திறந்த உரிமம் என்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அச்சிடலாம், மாற்றியும் எழுதலாம். இந்த மாற்றி எழுதும் உரிமைதான் நமக்குப் பெரிய வாய்ப்பு. தமிழ்நாட்டுக் கிராமத்து ஏரிக்கரையில் நடக்கும் கதையை, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் செம்பனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து முதலாம் ஆண்டுக்கு வாசித்துக் காட்டலாம். சுருக்கம் எழுதச் சொன்னால் முனகும் பிள்ளை இதற்கு முனகாது.

தமிழில் தட்டச்சு செய்வது இன்று பெரிய தடையில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளும் செல்லினம் செயலியும் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். கூகல் குரல் தட்டச்சிலும் மலேசியத் தமிழ் என்று தனித் தெரிவு உண்டு. குரலில் சொன்னதைத் திரையில் பார்த்து, ணகர னகரப் பிழையைப் பிள்ளையே திருத்தும்படி விடலாம்.

இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் தொடங்கப் பார்த்தால் ஆசிரியர்தான் களைத்துப் போவார். முதல் தவணைக்கு வாரம் ஒரு கதையும் ப்ளிக்கர்ஸ் அட்டையும் போதும். அதற்கு ஒரு படவீழ்த்தி, ஒரு கைப்பேசி, கொஞ்சம் தாள். அச்சுச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் தயங்காமல் கேட்கலாம். ஐன்ஸ் பதிவைக் கதை முடிந்த கையோடு, வகுப்பிலேயே சேர்ந்து உட்கார்ந்து போட்டுவிடலாம்.