தாய்மொழி தடையன்று, படிக்கட்டே

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வேலை தேடி வருகின்றன. எல்லையோரச் சிற்றூர்களில் தெலுங்கு பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். திருத்தணிப் பகுதி 1960-ஆம் ஆண்டில் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்துடன் இணைந்ததை முதியோர் அறிவர். ஆகவே, ஒரே வகுப்பில் பல தாய்மொழிகள் ஒலிப்பது நமக்குப் புதிதன்று.

“வீட்டுப் பேச்சை வகுப்பில் அனுமதித்தால் தமிழ் வாராது” என ஆசிரியர் சிலர் கருதுகின்றனர். அவர்தம் நோக்கம் நல்லதே, வழிதான் பிழை. நாம் பார்வையிட்ட ஒரு தொடக்கப் பள்ளியில் சூளைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி, கணக்கிற்கு விடை கூறாது நின்றாள். “மந்தமான பிள்ளை” என்றார் ஆசிரியை. அதே கணக்கை மற்றொரு சிறுவனைக் கொண்டு ஒடியாவில் கேட்கச் செய்தோம். உடனே சரியான விடை வந்தது. அவளுக்குக் கணக்குத் தெரியும். கேள்வி கேட்ட மொழிதான் தெரியவில்லை.

‘தினி’ என்று ஒடியாவில் எண்ணத் தெரிந்தவளுக்கு ‘மூன்று’ என்னும் சொல்லை மட்டும் கற்பித்தால் போதும். தெலுங்குப் பிள்ளையின் ‘பாலு’, ‘கன்னு’ ஆகிய சொற்களோ பால், கண் என்பவற்றிற்கு மிக அண்மையில் உள்ளன. நாற்றை வேரோடுதானே பிடுங்கி நடுகிறோம்?

வாய் அடைக்கப்பட்ட பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடும். சூளையில் பச்சைக்கல் புரட்டப் போய்விடும். சூளைப் பருவம் முடிந்து ஊர் திரும்பினால், அங்கே படிப்பைத் தொடர ஒடியாவும் வேண்டும். இதனாலேயே நம் மாவட்டச் சூளைப் பகுதிகளில் ஒடியாப் பாடநூல்களுடன் சிறப்பு வகுப்புகள் நடத்தப்பட்டன. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு, 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை மூன்று:

1. சூளைக்குக் குடும்பங்கள் வந்தவுடன் பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பள்ளியிற் சேர்த்தல். வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்க 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இடந்தரவில்லை.

2. இரு மொழியும் அறிந்த மாணாக்கரைப் புதிய பிள்ளையின் அருகில் அமர்த்துமாறு ஆசிரியரை வேண்டுதல்.

3. பள்ளி மேலாண்மைக் குழுவில் அப்பெற்றோருக்கும் இடமளித்தல்.

நம் ஊருக்குச் செங்கல் அறுத்துத் தரும் கைகளின் பிள்ளைகள் நம் பள்ளியில் ஊமையராய் அமர்ந்திருத்தல் தகுமா? அடுத்த முறை பள்ளிக்குச் செல்லுங்கால், பேசாதிருக்கும் பிள்ளை யாதென முதலில் நோக்குவீர்களாக.