மலைச்சரிவுக்கு ஏன் போர்வை?

மாணவர்களே, கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? சாலையோரச் செம்மண் சரிவுகள் சிலவற்றின்மேல் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். மண்ணுக்கு எதற்குப் போர்வை?

விடை மழைத்துளியில் இருக்கிறது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளி, விநாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். புல்லும் செடியும் இருந்தால் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். வெட்டிய சரிவில் அவை இல்லை. மண்துகள்கள் பிய்ந்து தெறிக்கும். ஓடும் நீர் அவற்றை ஆற்றுக்கு அடித்துச் செல்லும். நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நீர் புகாத பிளாஸ்டிக் விரிப்பு இரண்டு வேலை செய்கிறது. துளியின் அடியைத் தடுக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதையும் தடுக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம். மண்துகள்களின் இடைவெளியில் நீர் நிறைந்தால் மண்ணின் எடை கூடும், பிடிப்பு தளரும். நிலச்சரிவு அப்படித்தான் தொடங்குகிறது.

ஆனால் இது முதலுதவி மட்டுமே. விரிப்பின்மேல் விழும் நீர் முழுவதும் அடிவாரத்துக்கு ஓடுகிறது. அங்கே வடிகால் இல்லையென்றால் அடிமண் அரிக்கப்படும். வெயிலின் புறஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கும். கிழிந்த இடத்தில் புகும் நீர், நம் கண்ணுக்குத் தெரியாமலே உள்ளே மண்ணை அரிக்கும். மேலும், விரிப்பின் அடியில் புல் முளைக்காது.

அதனால் பொறியாளர்கள் வேறொரு வகையையும் பயன்படுத்துகிறார்கள். ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் செயற்கைத் துணி, தேநீர் வடிகட்டியைப் போன்றது. நீரை விடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். புல் விதைத்த சரிவில் கண்ணிகள் உள்ள வலைப்பாயை விரித்து முளையடித்தால், கண்ணிகளின் வழியே புல் வளரும். பிறகு வேர்களே காவலாகும். நம் பாட்டிமார் பானைத் தண்ணீரில் போடும் வெட்டிவேர், நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம்வரை இறங்கக்கூடியது!

வீட்டில் சோதித்துப் பாருங்கள். இரண்டு தட்டுகளில் மண்ணைப் பரப்பிச் சாய்த்து வையுங்கள். ஒன்றின்மேல் மெல்லிய பருத்தித் துணியை விரியுங்கள். இரண்டிலும் பூவாளியால் ஒரே அளவு நீரை ஊற்றுங்கள். வழிந்த நீரில் எது அதிகம் கலங்கியிருக்கிறது?

உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கோ அருகில் சரிவு இருக்கிறதா? விரிப்பு கிழிந்திருந்தாலோ, மண்ணில் புதிய விரிசல் தெரிந்தாலோ அருகே போகாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டாம்.