திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்

நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு புதிய பொம்மையைக் கொடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பெரியவர் ஒருவருக்கும் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கும் விளக்கச் சொன்னால் என்ன நடக்கும்? அமெரிக்க உளவியலாளர்கள் மரிலின் ஷாட்ஸும் ரோஷெல் கெல்மனும் இதைச் செய்து பார்த்து 1973இல் எழுதினார்கள். பெரியவரிடம் நீள நீளமாகப் பேசிய குழந்தை, சின்னக் குழந்தையின் பக்கம் திரும்பியதும் வாக்கியங்களைச் சிறுசிறு துண்டுகளாக்கிக்கொண்டது. “இங்க பாரு”, “இதப் பாரு” என்கிற மாதிரி அடிக்கடி கவனத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே பேசியது. தம்பி தங்கையோடு வளரும் குழந்தைகள் அப்படிச் செய்தால் பழக்கம் என்று சொல்லிவிடலாம். வீட்டில் தன்னைவிடச் சின்னவர்கள் யாருமே இல்லாத குழந்தைகளும் அப்படித்தான் செய்தார்கள்.

அதுவரை பலரும் நம்பிவந்தது வேறு. ஜெனீவாவின் உளவியலாளர் ஜான் பியாஜே 1923இல் வெளியிட்ட நூலில், சிறு குழந்தை பேசும்போது கேட்பவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதில்லை, தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்றே எண்ணுகிறது என்று விளக்கியிருந்தார். அப்படியானால் நான்கு வயதுக் குழந்தை எப்படிப் பேச்சை மாற்றிக்கொண்டது? எதிரே இருந்த முகத்தைப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது. முகத்தை மறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது.

சாம் கிளக்ஸ்பெர்க், ராபர்ட் கிராஸ் ஆகியோரும் சக ஆய்வாளர் ஒருவரும் 1966இல் வெளியிட்டது அது. இரண்டு குழந்தைகள், நடுவில் ஒரு திரை. இருவரிடமும் ஒரே மாதிரியான மரக்கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் பெயர் சொல்ல முடியாத ஒரு கோணல்மாணல் உருவம். ஒரு குழந்தை தன் கட்டையை விவரிக்க வேண்டும், மற்றது அதே கட்டையை எடுத்து அடுக்க வேண்டும். மழலைப் பள்ளிக் குழந்தைகள் இதில் திணறினார்கள். ஒரு உருவத்துக்கு ஒரு குழந்தை கொடுத்த விளக்கம் “அப்பாவோட சட்டை” என்பது போல இருக்கும். எந்த அப்பா, எந்தச் சட்டை? திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது எதுவும் உதவாது. ஆனால் அதே பெயரை ஆய்வாளர் திருப்பிச் சொன்னால், சொன்ன குழந்தை சரியான கட்டையை எடுத்துவிடும். பெயரில் குழப்பமே இல்லை. அது சொன்னவருக்கு மட்டும் புரியும் பெயர், அவ்வளவுதான்.

எழுத்து என்பதே இப்படி ஒரு திரை. இந்தச் சோதனையைப் படித்தபின் பள்ளிக் கட்டுரை நோட்டுகளைப் பார்க்கும் என் பார்வை மாறிவிட்டது. எழுதத் தெரியாத குழந்தை என்று நாம் சொல்லும் குழந்தை, பெரும்பாலும் திரை போட்டு உட்கார வைக்கப்பட்ட குழந்தைதான்.

பேச்சில் நம் பிள்ளைகளின் திறமையைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். ஏழு வயதுச் சிறுமி கைக்குழந்தையிடம் “மம்மு சாப்பிட்டியா” என்கிறாள். காது மந்தமான பாட்டியிடம் குரலை உயர்த்தி, வாக்கியத்தைச் சுருக்கிச் சொல்கிறாள். ஃபோனில் பெரியப்பா என்றால் “நல்லா இருக்கீங்களா பெரியப்பா” என்று குரலே வேறாகிவிடுகிறது. தோழி வந்துவிட்டாலோ பாதிச் சொல்லிலேயே பேச்சு முடிந்துவிடும், மீதி இருவருக்கும் தெரியும். அவள் மாற்றுவது மரியாதை விகுதியை மட்டும் அல்ல. யாருக்கு எதைச் சொல்லத் தேவையில்லை என்பதையும் கணக்குப் போடுகிறாள், அதுவும் நொடிப்பொழுதில்.

இதே சிறுமி தாளில் எழுத உட்கார்ந்தால் அந்தக் கணக்கு நின்றுபோகிறது. வளர்ந்தபின்னும் அப்படித்தான். பத்தாம் வகுப்புக் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய நண்பனுக்கு ஒரு வாழ்த்து மடல். தரமற்ற உணவு கொடுத்து விலையும் கூட்டி வாங்கிய உணவு விடுதியைப் பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு புகார். இடம், நாள், விளி, முடிப்பு, கட்டம் போட்டு உறைமேல் முகவரி எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் நண்பனும் ஆணையரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள், ஏனென்றால் இரண்டையும் படிக்கப்போவது விடைத்தாள் திருத்தும் ஆசிரியர். பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். சொல்லப்போனால் அவர்கள் தங்கள் உண்மையான வாசகருக்குத்தான் எழுதுகிறார்கள். அமைப்பைக் கற்றுக்கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, விண்ணப்பத்துக்கு அமைப்பு வேண்டும். ஆனால் அமைப்பு, வாசகரின் இடத்தை எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1934இல் வெளிவந்த நூலிலேயே இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டிருக்கிறார். பேச்சில் எதிரே இருப்பவரின் கேள்வி, முகச்சுளிப்பு, தலையாட்டல் எல்லாம் அடுத்த வாக்கியத்தைத் தானாக இழுத்துவரும். எழுத்தில் அந்த உந்துதல் எதுவும் இல்லை. கேட்பவரையும் குழந்தையே கற்பனை செய்ய வேண்டும், சூழலையும் அதுவே உண்டாக்க வேண்டும். பின்னாளில் டொரண்டோவில் ஆய்வு செய்த கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் பிள்ளைகள் எழுதும் முறையைக் கவனித்து 1987இல் ஒரு நூல் எழுதினார்கள். இளம் எழுத்தாளர் தலைப்பைப் பார்க்கிறார், மனதில் வந்ததை எழுதுகிறார், எழுதியது அடுத்ததை நினைவூட்டுகிறது, அதையும் எழுதுகிறார், தீர்ந்ததும் நிறுத்துகிறார். தெரிந்ததைக் கொட்டுவது என்பது இதுதான். இந்த ஓட்டத்தில் ‘படிப்பவருக்கு இது விளங்குமா’ என்ற கேள்வி நுழைவதற்கு இடமே இல்லை. சோம்பல் இதற்குக் காரணம் இல்லை. எழுத்துக்கூட்டல், கையெழுத்து, வாக்கியம் என்று மனம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

கோலத்தை எடுத்துக்கொள்வோம். பெண்கள் பத்திரிகைகளில் கோலத்தின் கீழே “15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி” என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். போடத் தெரிந்தவருக்கு அதுவே போதும்: நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8 வரை, ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே. தெரியாதவருக்கு அந்த வரியில் ஒன்றுமே இல்லை. இப்போது பத்து வயதுப் பிள்ளையிடம், 5 புள்ளி 3 வரை ஊடுபுள்ளிக் கோலம் ஒன்றைக் காட்டி, இதைப் பார்த்திராத ஒருவர் போடும்படி எழுது என்று சொல்லுங்கள். இப்படி வரும்: “முதலில் புள்ளி வைக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கம் வளைக்க வேண்டும். அப்புறம் அதே மாதிரி எல்லாப் பக்கமும் வளைக்க வேண்டும்.” இலக்கணப் பிழை இல்லை. ஆனால் “இந்தப் பக்கம்”, “அதே மாதிரி” என்ற சொற்கள் விரல் நீட்டிப் பேசும்போது மட்டுமே வேலை செய்யும். எழுதும் பிள்ளையின் கண்முன் கோலம் இருக்கிறது, அதனால் தான் எழுதியதில் எதுவும் குறைவதாக அதற்குத் தெரியவில்லை. நூறு முறை திருத்தச் சொன்னாலும் காற்புள்ளிதான் மாறும்.

இந்தக் குறையைத் தெரியவைக்க எவ்வளவு சிறிய தூண்டுதல் போதும் என்பதை மாத்யூ டிராக்ஸ்லரும் மார்டன் கெர்ன்ஸ்பாக்கரும் 1992இல் காட்டினார்கள். கல்லூரி மாணவர்கள் சில வடிவியல் உருவங்களை விவரித்து எழுதினார்கள். வேறு சிலர் அந்த விவரிப்பை மட்டும் படித்து, ஒன்றுபோலத் தெரியும் பல உருவங்களிலிருந்து சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரே ஒரு தகவல் கிடைத்தது: ஒவ்வொரு விவரிப்பையும் படித்து எத்தனை பேர் சரியான உருவத்தை எடுத்தார்கள். எங்கே தவறு, எந்தச் சொல் குழப்பியது என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. அந்த எண்ணைப் பார்த்தவர்களின் திருத்தங்கள் வாசகர்களுக்கு உண்மையிலேயே உதவின. எண்ணைப் பார்க்காமல் திருத்தியவர்களும் உழைத்தார்கள், எழுத்து மேம்படவில்லை. அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வில், எழுதியவர்களையே வாசகர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வேறொருவர் எழுதிய விவரிப்பைப் படித்து உருவத்தைத் தேடிய பிறகு, தங்கள் எழுத்தை அவர்களால் திருத்த முடிந்தது.

பிள்ளைகளிடம் இது பலிக்குமா? டேவிட் ஹாலிவேயும் டெபரா மக்கட்சனும் 2004இல் ஐந்தாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் டான்கிராம் என்னும் துண்டுப் புதிர் உருவங்களை வைத்து முயன்றார்கள். பலித்தது. மற்றவர் விவரிப்பைப் பின்பற்றி உருவத்தைத் தாங்களே தேடிப் பார்த்த பிள்ளைகள், திரும்பிவந்து தங்கள் விவரிப்பை மற்றவர்களைவிட நன்றாகத் திருத்தினார்கள். நம் வகுப்பறையில் இதற்குச் செலவே இல்லை. ஆளுக்கொரு கோலத்தை எழுதி, தாள்களை மாற்றிக்கொண்டு, கரும்பலகையில் போட்டுப் பார்த்தால் போதும்.

நெதர்லாந்தின் ஹெர்ட் ரைலார்ஸ்டாமும் அவருடைய சகாக்களும் இதை இன்னும் அழகாகச் செய்தார்கள். எளிய இயற்பியல் சோதனை ஒன்றை எப்படிச் செய்வது என்று மாணவர்கள் எழுதினார்கள். பிறகு சக மாணவர்கள் அதுபோன்ற ஒரு குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சோதனை செய்யத் தடுமாறுவதை வீடியோவில் பார்த்தார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, பொருளைக் கையில் எடுத்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பது எல்லாம் அதில் தெரியும். அதைப் பார்த்தவர்கள் தங்கள் குறிப்பை நன்றாகத் திருத்தினார்கள்.

அவர்களுடைய இன்னொரு வேலை ஒரு மிட்டாய்க் கம்பெனிக்கு எழுதும் கடிதம். மிட்டாய் உறையில் ஒரு பாயிண்ட் அச்சிட்டிருக்கும், பத்துச் சேர்த்தால் பரிசு. உன்னிடம் இருப்பது எட்டு. கடைசி நாள் நெருங்கிவிட்டது, கடைகளில் பாயிண்ட் போட்ட உறையே இல்லை. எனவே பாயிண்ட் இல்லாத இரண்டு உறைகளையும் சேர்த்து அனுப்பி, பரிசைக் கேட்க வேண்டும். சில மாணவர்கள் கம்பெனிக்காரர்களாக உட்கார்ந்து எந்தக் கடிதத்துக்குப் பரிசு அனுப்பலாம் என்று விவாதிக்க, மற்றவர்கள் அதைக் கவனித்தார்கள். இரண்டு பாயிண்ட் ஏன் குறைகிறது என்று சொல்லாத கடிதமும் முகவரி இல்லாத கடிதமும் அந்த மேசையில் என்ன ஆகும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் உணவு விடுதிப் புகாரையும் இப்படி வைத்துப் பார்க்கலாம். வகுப்பில் நான்கு பேர் ஆணையர் அலுவலக ஊழியர்களாக உட்காரட்டும். எந்தக் கடை, எந்தத் தேதி, என்ன சாப்பிட்டீர்கள், பில் எங்கே என்று அவர்களே கேட்பார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி செலஸ்டன் ஃபிரெனே என்ற பிரெஞ்சு கிராமத்து ஆசிரியர். முதல் உலகப் போரில் நெஞ்சில் காயம்பட்டு, வகுப்பில் நெடுநேரம் பேச முடியாதவர். தெற்கே மலைப்பகுதியில் பார்-சுர்-லூ என்ற ஊரின் பள்ளிக்கு 1920களின் நடுவில் ஒரு சிறிய அச்சுப்பொறியை வாங்கினார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே ஈய எழுத்துகளால் அச்சுக்கோத்து அச்சிட்டார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரித்தனியின் கடற்கரை ஊரான திரேகங் பள்ளிக்குப் போயின. அங்கிருந்து ரெனே தனியேல் என்ற ஆசிரியரின் மாணவர்கள் பதில் எழுதினார்கள். மலைக்கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த மரமும் வேலையும் மீன்பிடி ஊரின் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்ததையெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் அப்படித்தான் வந்தது. நம் ஊரில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தி வளர்ந்த எழுத்தாளர்களுக்கு இந்தக் கட்டாயத்தின் சுகம் தெரிந்திருக்கும்.

வாசகர் தொலைவில் இருப்பதே உதவுமா என்பதை ஜெருசலேமில் சோதித்தார்கள். மோஷே கோஹனும் மார்கரெட் ரீலும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஒரே பொருளைப் பற்றி இருமுறை எழுதினார்கள். ஒன்று ஆசிரியர் மதிப்பெண் போடும் தேர்வுக்கு. மற்றொன்று கணினி வலைப்பின்னல் வழியாக வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கு. மதிப்பெண்ணுக்கு எழுதியதைவிட, முகம் தெரியாத பிள்ளைகளுக்கு எழுதியதே சிறப்பாக இருந்தது.

எப்போதும் ஒரு வாசகரைப் பிடித்து முன்னால் உட்கார வைக்க முடியாது என்பது உண்மைதான். அதனால் எனக்கு மிகவும் வியப்பளிப்பது கேரன் ஷ்ரைவர் 1992இல் வெளியிட்ட முடிவு. அப்போது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், ஒரு பக்கத்தைப் படிக்கும்போது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் வாசகர்களின் பேச்சை எழுத்தாக்கினார். “இது எதைச் சொல்கிறது?”, “இதை எங்கே தேடுவது?” என்று வாசகர் முட்டி நிற்கும் இடங்கள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். கல்லூரி மாணவர்கள் பக்கத்தையும் அதற்கான பேச்சையும் படித்தார்கள். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல பக்கங்கள். அதன்பின் முன்பின் பார்த்திராத ஒரு புதிய பக்கத்தைக் கொடுத்து, வாசகர் எங்கே தடுமாறுவார் என்று கேட்டபோது, முன்னைவிடத் துல்லியமாகச் சுட்டிக்காட்டினார்கள். வாசகரைப் பற்றி வழக்கமான முறைகளில் கற்ற வகுப்புகளில் அந்த வளர்ச்சி இல்லை. அந்தப் புதிய பக்கத்துக்கு வாசகரின் பேச்சு எதுவும் தரப்படவில்லை. அதை மாணவர்களே மனதுக்குள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.