சாக்லேட் குடோன்லதான் இருந்துச்சு!
ஈஆர்பி சொதப்பினா முதல்ல சாஃப்ட்வேரைத்தான் திட்டுவோம். ஹெர்ஷி கதையைக் கேளுங்க. அமெரிக்க சாக்லேட் கம்பெனி, 11.2 கோடி டாலர் ப்ராஜெக்ட். 48 மாத வேலையை 30 மாதத்தில் முடிக்கச் சொன்னாங்க. 1999 ஜூலையில் எஸ்ஏபியோட இன்னும் ரெண்டு சாஃப்ட்வேரையும் ஒண்ணா ஆன் பண்ணாங்க. ஹாலோவீன் ஆர்டர் குவியுற நேரம்! (யார் அந்தத் தேதியை ஓகே பண்ணது?)

சரக்கு இருந்தது, கடைக்குப் போகலை. ஏன்னா, சீசன்ல இடம் பத்தாம அங்கங்கே அடுக்கி வைப்பாங்க. எங்கேன்னு ஊழியர்களுக்குத் தெரியும். சிஸ்டத்தில் யாரும் பதியலை. பதியாத இடத்திலிருந்து சிஸ்டம் எப்படி அனுப்பும்?

2002ல அதே கம்பெனி, அதே எஸ்ஏபியோட புது வெர்ஷனுக்கு மாறுச்சு. இந்த முறை டெஸ்டிங்கை விடாமப் பண்ணாங்க. சொன்ன தேதியில், பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்சுது.