விழித்திருக்கும் நகரம் - 9: அறை படுக்க, தெரு வாழ

சென்ற வாரம் கோயம்பேட்டில் லாரிகளுக்கு நடுவே விடிய விடிய நின்றோம். இந்த வாரம் திருவல்லிக்கேணி. அங்கே சரக்கு தூங்கவிடாது. இங்கே அறை தூங்கவிடாது.

மேன்ஷன் அறையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு கட்டில் போட்டால் நடுவில் பக்கவாட்டாகத்தான் நடக்க முடியும். சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் சட்டை. குறுக்கே கட்டிய கொடியில் காயாத துண்டு. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த மேன்ஷனின் ஜன்னல். பகலெல்லாம் மொட்டை மாடி வாங்கிய வெயில், ராத்திரி பதினொரு மணிக்கும் மேல்மாடி அறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கண் சொருகும்வரை யாரும் அறைக்குப் போவதில்லை. அதனால்தான் பத்து மணிக்கு மேல் இந்தச் சந்துகளில் இத்தனை கூட்டம்.

மெடிக்கல் ரெப், உதவி இயக்குநர், குரூப் டூ தேர்வுக்குப் படிப்பவர், சாப்பாடு டெலிவரி செய்பவர் என்று எல்லாரும் தெருவில்தான். பைக் சீட்டில் கேக் வைத்துப் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். மின்கம்பத்தில் சாய்ந்துகொண்டு அம்மாவிடம், “சாப்டேம்மா, நல்லா சாப்டேன்” என்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் கைமாற்று கேட்பதும், அடுத்த வாரம் இன்டர்வியூ என்று சொல்வதும் இங்கேதான். நடுத்தர வீட்டின் ஹாலில் நடக்கிற அத்தனையும் இங்கே வீதியில் நடக்கிறது.

வெளியூர்க்காரரை ஏற்றுக்கொள்வது இந்தப் பேட்டைக்குப் புதிதில்லை. 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் கணிதமேதை ராமானுஜன் குடியிருந்தது இங்கே அனுமந்தராயன் கோயில் தெருவில். புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதி, 1921-ல் கண்மூடியது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். அவர் பெயரைத் தாங்கும் பாரதி சாலையைப் பெரியவர்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். அதன் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் கைட் வாங்கிப் படித்து வேலைக்குப் போனவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.

சாப்பாடு என்றால் ரத்னா கபேயைச் சொல்லாமல் போக முடியாது. 1948-ல் தொடங்கிய கடை. இட்லி சாம்பாரில் முழுகித்தான் மேஜைக்கு வரும். வற்றினால் மறுபடி ஊற்றுவார்கள். கையில் காசு குறைந்த மாதக் கடைசியில் அந்த இரண்டாவது சாம்பார் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே தங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெஸ்கள் வேறு இருக்கின்றன. அவையெல்லாம் பத்தரைக்குள் அடைத்துவிடும். அப்புறம் டீக்கடைதான்.

டீக்கடைக்கும் கெடு உண்டு. பதினொரு மணியை ஒட்டி ரோந்து வண்டி வரும். மாஸ்டர் பாய்லரை அணைப்பார், ஷட்டர் பாதி இறங்கும். 2019-ல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது: பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம். 2022-ல் அதை நீட்டித்தார்கள். நல்ல ஆணை. ஆனால் டீக்கடையில் பத்துப் பேர் ஏது? மாஸ்டர், கிளாஸ் கழுவும் பையன், கல்லாவில் முதலாளி. மிஞ்சிப்போனால் வடை போட ஒருவர். ராத்திரியில் யாருக்குக் கடை அவசியமோ அவர்கள் நிற்கும் கடைக்கு இந்த ஆணை பொருந்தவில்லை.

நள்ளிரவில் கோஷா ஆஸ்பத்திரி பக்கம் போய்ப் பார்த்தால் இது புரியும். 1885-ல் டாக்டர் மேரி ஷார்லீப் பெண்களுக்காகத் தொடங்கியது; இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். வாசலில் லுங்கியும் சட்டையுமாகக் கணவன்மார், பாய் விரித்து அத்தைகள், பாட்டிகள். உள்ளேயிருந்து செய்தி வந்ததும் யாராவது ஒருவர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சுடுதண்ணீருக்கும் பாலுக்கும் ஓடுவார். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, “அண்ணே, கொழந்தை பொறந்திருக்கு, பால் மட்டும்” என்று கேட்டால் இல்லையென்று சொல்லும் மாஸ்டரை நான் பார்த்ததில்லை. உதவி செய்கிறவரைக் குற்றவாளி போலக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து ஊற்ற வைப்பது நியாயமில்லை. மருத்துவமனை வாசல்களிலாவது சின்னக் கடைகளுக்கு விடிய விடிய அனுமதி கொடுக்க வேண்டும்.

இந்த ஆஸ்பத்திரி வாசலை விட்டால் திருவல்லிக்கேணியின் இரவு பெரும்பாலும் ஆண்களுடையது. மேன்ஷன்கள் ஆண்களுக்காகக் கட்டப்பட்டவை. தெருவும் அப்படியே ஆகிவிட்டது. பெண்கள் நிறைந்து நடக்கும் இரவைப் பார்க்க ரம்ஜான் மாதம் வர வேண்டும்.

வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-ல் கட்டப்பட்டது. ரம்ஜானில் அங்கே நோன்பு திறக்க வருபவர்களுக்கு, மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகையும் முடிந்த பிறகு ஹைரோடு முழுக்க வெளிச்சம். சமோசா, ஹலீம், கண்ணாடித் தட்டில் ஆடும் கடற்பாசி. வளையல் பார்க்கும் அம்மாக்கள், தூக்கம் மறந்த பிள்ளைகள். மேன்ஷன்வாசிகளுக்கும் அந்த ஒரு மாதம் பசி நேரத்துக்குக் கடை உண்டு.

மார்கழியில் விழிப்பு கோயில் பக்கம் நகரும். பார்த்தசாரதி சன்னிதித் தெருவில் இருட்டோடு கோலம் விழும், பஜனைக் கோஷ்டி கிளம்பும். ரம்ஜான் வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வதால், இந்த இரண்டு விழிப்புகளும் எப்போதாவது ஒன்றாகச் சேரும். 1998 டிசம்பரில் தொடங்கிய நோன்பு ஏறக்குறைய மார்கழியோடு ஒட்டி ஓடியது. ஸஹர் சாப்பிட எழுந்தவர்களும் திருப்பாவைக்கு எழுந்தவர்களும் ஒரே பால்காரருக்குக் கதவு திறந்தார்கள். கணக்குப்படி 2031 டிசம்பரில் மறுபடி அப்படி அமைகிறது.

(தொடரும்)

அடுத்த வாரம்: மதுரை சிம்மக்கல்