மாதக்கணக்கில் நிறுத்திவைத்த கார் குலுங்கிக் குலுங்கி நிற்கிறதா? பர்ஸைத் திறக்கும் முன் பானெட்டைத் திறங்கள்!

மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போன அப்பாவும் அம்மாவும், பேரனுக்கு ஆறு மாதம் முடிந்த பிறகுதான் கும்பகோணம் திரும்பினார்கள். போர்ட்டிகோவில் கவர் போட்டு நிறுத்தியிருந்த கார் அதுவரை அங்குலம்கூட நகரவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான் வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்துகொடுத்தார்.

ஸ்டார்ட் ஆனது. ஆனால், ஓடிய விதம் சரியில்லை. ஸ்டீயரிங் நடுங்கியது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் தலையாட்டினார். ஆக்ஸிலரேட்டரை மிதித்து ரேஸ் கொடுத்தால் சத்தம் சீராகிறது. காலை எடுத்ததும் வண்டி குலுங்கிக் குலுங்கி ஆஃப் ஆகிறது. வழக்கத்தைவிட பிரேக்கும் கொஞ்சம் கெட்டியாக இருப்பதுபோல் அப்பாவுக்குத் தோன்றியது. இரண்டு நாளில் அம்மாவுக்குத் தஞ்சாவூரில் கண் பரிசோதனை. போனில் விசாரித்தபோது, பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று நண்பர் ஒருவர் பெரிய பட்டியலே வாசித்துவிட்டார்.

கிட்டத்தட்ட இதே காட்சி பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடு, வொர்க் ஃப்ரம் ஹோம் வீடு, ஊருக்குப் போனால் மட்டும் காரை எடுக்கும் வீடு எனப் பட்டியல் நீளும். 2020 ஊரடங்கு முடிந்து காரை எடுத்தவர்கள் பலருக்கும் இது பழக்கமான அனுபவம்தான்.

நல்ல நிலையில் நிறுத்திய காரில், எல்லா பாகங்களும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. பேட்டரி இறங்கியிருக்கலாம், பெட்ரோல் பழசாகியிருக்கலாம், எலி புகுந்திருக்கலாம், ரப்பர் வெடித்திருக்கலாம். நிறுத்திவைத்ததால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்து தேட ஆரம்பித்தால் பாதி செலவு மிச்சம். செலவே இல்லாத சோதனையில் தொடங்கி, செலவு வைக்கும் சோதனைக்கு கடைசியாக வரவேண்டும். (இங்கே சொல்பவை பெட்ரோல் கார்களுக்கானவை. டீசல் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஃபில்டரில் தண்ணீர் சேர்வது போன்ற வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும்.)

சிம்மில் வைத்த அடுப்பு

வண்டி நிற்கும்போது, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் தானாக ஓடுவதுதான் ஐடிலிங். இன்ஜின் சூடான பிறகு, பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இது நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகளுக்குள் இருக்கும். டாக்கோ மீட்டர் உள்ள காரில் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

ஐடிலிங்கை, சிம்மில் வைத்த கேஸ் அடுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு முழுத் தீயில் எரியும்போது ஃபேன் காற்று பட்டாலும் தாங்கும். சிம்மில் இருக்கும்போது லேசான காற்றே அணைத்துவிடும். ஐடிலிங்கில் இன்ஜின் மிகக் குறைந்த காற்றையும் பெட்ரோலையும் வைத்து ஓடுகிறது. அந்த நேரத்தில் சின்னக் காற்றுக் கசிவோ, ஒரு பிளக்கின் பலவீனமோகூட பெரிதாகத் தெரியும். ரேஸ் கொடுத்தால் குலுக்கல் மறைவது இதனால்தான். மறைகிறதே தவிர, பிரச்னை அங்கேயேதான் இருக்கிறது.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம் சுற்று அதிகமாக இருந்து, பிறகு இறங்குவது இயல்பு. மூன்று சிலிண்டர் கொண்ட சின்ன கார்கள் எப்போதுமே லேசாக அதிரும். காரை நிறுத்துவதற்கு முன் இருந்ததைவிட இப்போது அதிகம் குலுங்குகிறதா என்பதுதான் கேள்வி.

பேட்டரியில் தொடங்குங்கள்

நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், ரிமோட் லாக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை வைத்து, இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது அளந்து பாருங்கள். முழு சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஆல்டர்னேட்டரையும் சந்தேகப்படலாம்.

ஜம்பர் கேபிள் போட்டு எழுப்பிய கார் உடனே சீராக ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காலியான பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் கடுமையாக உழைக்கும். அந்தச் சுமை இன்ஜின் மீதுதான் விழும். பேட்டரியைக் கழற்றி சார்ஜருக்குக் கொடுத்து, நிரம்பிய பிறகு மாட்டிப் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால், சமையல் சோடா கரைத்த வெந்நீரும் பழைய டூத் பிரஷும் போதும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பேட்டரி வயரைக் கழற்றி வைத்திருந்தாலோ, பேட்டரி முழுதாகச் செத்திருந்தாலோ, ஐடிலிங்குக்கு எவ்வளவு காற்று விட வேண்டும் என்று காரின் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த கணக்கு பல மாடல்களில் அழிந்துவிடும். ஏசி, லைட் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சூடாகும் வரை 10, 15 நிமிடம் திறந்த வெளியில் ஓட விடுங்கள். பல கார்கள் அதிலேயே மறுபடி கற்றுக்கொண்டு சீராகிவிடும். சில மாடல்களுக்குத் தனி வழிமுறை உண்டு. காருடன் கொடுத்த கையேட்டில் பாருங்கள்.

டேங்க்கில் என்ன இருக்கிறது?

பெட்ரோலுக்கும் வயதாகும். அதிலிருக்கும் எளிதில் ஆவியாகும் பகுதிகள் மெல்லப் போய்விட, எரியும் தன்மை குறையும். நாளானால் பிசின் போன்ற படிவு உருவாகி, இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகளை அடைக்கும்.

இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகிப் பரவலான இ20 பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! மூடி இறுக்கமாக இருக்கும் இன்றைய டேங்க்குகளில் இது சீக்கிரம் நடந்துவிடாது. ஆனால், டேங்க் முக்கால்வாசி காலி, மூடியில் கசிவு, இடையே ஒரு மழைக்காலம் என்று எல்லாம் கூடினால் வாய்ப்பு அதிகம்.

இரண்டு மூன்று மாதம்தான் நின்றது என்றால், புதுப் பெட்ரோல் நிரப்பி ஓட்டினாலே பெரும்பாலும் சரியாகும். பல மாதம் நின்று, டேங்க்கில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், பழையதை வடித்துவிடுவது நல்லது. அதை வீட்டில் குழாய் போட்டு உறிஞ்சி இறக்க வேண்டாம். தீ ஆபத்து உண்டு, ஒர்க்‌ஷாப்பில் செய்யுங்கள்.

வாடகை தராத விருந்தாளி

நிறுத்திய காரின் பானெட்டுக்குள் எலிக்குக் கிடைப்பது இருட்டு, கதகதப்பு, பாதுகாப்பு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் துணியும் சருகும் சேர்த்துக் கூடு கட்டும். வயரைக் கடிக்கும். ரப்பர் குழாயையும் விடாது.

டார்ச் அடித்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, எலிப் புழுக்கை, பஞ்சு, கொறித்த துணுக்குகள். இரண்டாவது, உறை கிழிந்து செம்புக் கம்பி தெரியும் வயர். மூன்றாவது, ஏர் ஃபில்டர். அதன் பெட்டி பெரும்பாலான கார்களில் கிளிப்பிலோ நான்கைந்து ஸ்க்ரூவிலோ திறந்துவிடும். ஃபில்டர் அடைத்திருந்தால் இன்ஜின் மூச்சுத் திணறும். கடிபட்ட வயர் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் ஆட்டோ எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் செலவு வேறு மாதிரி போகும்.

'உஸ்ஸ்' சத்தம் கேட்கிறதா?

இன்ஜின் ஓடும்போது பானெட்டைத் திறந்து, ஃபேன், பெல்ட் பக்கம் கையோ, புடவைத் தலைப்போ, துப்பட்டாவோ போகாமல் தள்ளி நின்று காது கொடுத்துக் கேளுங்கள். பாம்பு சீறுவதுபோல் 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் வேக்யூம் குழாயில் கசிவு இருக்கலாம். வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பர், கழன்ற கிளிப், எலி கடித்த ஓட்டை என எதுவாகவும் இருக்கும். அளந்து விட்ட காற்றோடு கணக்கில் வராத காற்றும் உள்ளே போவதால் கலவை கெட்டு, ஐடிலிங் ஆட்டம் காணும்.

குலுக்கலோடு பிரேக் பெடலும் கெட்டியாக இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். பல பெட்ரோல் கார்களில் பிரேக்கை லேசாக்கும் பூஸ்டர், இன்ஜினின் வேக்யூமில்தான் இயங்குகிறது. அந்தக் குழாயில் கசிவு இருந்தால் ஐடிலிங்கும் கெடும், பிரேக் பிடிக்கக் காலுக்கு அதிக பலமும் தேவைப்படும். அந்தக் காரை ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்?

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால், அடுத்து த்ராட்டில் பாடியும் ஸ்பார்க் பிளக்கும். த்ராட்டில் பாடியின் ஓரத்தில் கரி படிந்தால் ஐடிலிங்குக்கான மெல்லிய காற்றோட்டம் தடைபடும். அதற்கென்று உள்ள கிளீனரால் துடைத்தால் போதும். பிளக்கில் கரி படிந்திருந்தால் அந்த சிலிண்டர் சரியாக எரியாமல் 'மிஸ்ஸிங்' அடிக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன், ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் மாட்டினால், கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண் தெரியும். பி0300 என்றால் பல சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0301 என்றால் முதல் சிலிண்டரில். பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. காற்றுக் கசிவுக்கு முக்கியமான துப்பு இது. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக்கை மாற்றச் சொன்னால், 'எந்த சிலிண்டரில் கோளாறு? கழற்றிய பிளக்கைக் காட்டுங்கள்' என்று கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பது நம்பிக்கையின்மை இல்லை.

இந்த நேரங்களில் ஓட்டாதீர்கள்

இன்ஜின் லைட் எரிந்தபடி இருப்பதற்கும், விட்டுவிட்டு மின்னுவதற்கும் வித்தியாசம் உண்டு. மின்னினால் கடுமையான மிஸ்ஸிங் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதைக்குப் போய், விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிப் பாழாக்கும். ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

ஷட்டர் மூடிய ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உயிரையே எடுத்துவிடும்.

நிறுத்தியிருந்த நாள்களில் வெள்ளம் கார் உயரத்துக்கு ஏறியது என்று தெரிந்தால், ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே முயற்சியில் உள் பாகங்கள் வளைந்துவிடும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது...

பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்யச் சொல்வது பலரின் வழக்கம். நல்ல எண்ணம்தான், பலன் குறைவு. ஸ்டார்ட் செய்ய இழுத்த மின்சாரம்கூட ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏறாமல் போகலாம். இன்ஜின் சூடாகாமலே ஆஃப் ஆவதால் பிளக்கில் கரியும், சைலன்ஸரில் ஈரமும் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது 20, 30 நிமிடம் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். அது முடியாது என்றால், டேங்க்கை நிரப்பி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, காருக்குள் பிஸ்கட் துணுக்குகூட இல்லாமல் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்புங்கள். காருக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையோ, பழைய பேப்பர் கட்டோ இருக்க வேண்டாம்.

கும்பகோணத்துக்கு வருவோம். அப்பா நண்பரின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பேட்டரியை சார்ஜருக்குக் கொடுத்தார். மறுநாள் மாட்டி ஸ்டார்ட் செய்தார், குலுக்கல் போகவில்லை. பானெட்டைத் திறந்ததும் 'உஸ்ஸ்' கேட்டது. ஏர் ஃபில்டர் பெட்டி மேலே நாலு எலிப் புழுக்கை. வீட்டுக்கு வந்த மெக்கானிக் ஸ்கேனர் மாட்டினார்: பி0171. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் எலிப்பல் தடம், நடுவில் ஒரு ஓட்டை. அந்தக் குழாய் மட்டும்தான் மாறியது. பிளக்கோ, காயிலோ, இன்ஜெக்டரோ மாறவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். பிரேக் பழையபடி மெத்தென்று பிடித்தது. திரும்பி வந்து, இன்ஜினை ஆஃப் செய்யாமல் போர்ட்டிகோவில் நிறுத்தினார். டாஷ்போர்டு பிள்ளையார் அசையவில்லை. அம்மா கண் டாக்டரின் ஃபைலை எடுத்துப் பின்சீட்டில் வைத்தார்.