மேசைப்பந்தும் ஆள்வினையும்

திருக்குறளிலே ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்து இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரம் நிற்கின்றது. முயற்சியின் பெருமையைக் கூறிய புலவர், முயன்றவனுக்கும் இடர் வரும் என்பதை உடனே கூறவேண்டியவராயினார். இவ்வைப்புமுறையின் பொருளைப் பலகாலம் மாணவர்க்கு உரைத்து வந்துள்ளேன். ஆயினும், சென்னையில் வாழ்ந்த மேசைப்பந்து வீரர் இருவரின் வரலாற்றை அறிந்த பின்னரே அது எனக்கு நன்கு விளங்கிற்று.

அவ்வரலாற்றைத் தேடச் செய்தவன் ஒரு மாணவன். நுவரெலியாவிலே மழை விடாத நாள்களில் எம் பிள்ளைகள் இரண்டு மேசைகளை ஒட்டிவைத்து, நடுவே புத்தகங்களை அடுக்கி, அதனையே வலையாகக் கொண்டு ஆடுவர். அவ்வாறு ஆடிக்கொண்டிருந்த ஒருவன், “ஐயா, இதை ஆடியே ஒருவர் சீவிக்க முடியுமா?” என்று வினவினான். விளையாட்டை விட்டுப் படி என்று அவனை அடக்கியிருக்கலாம். ஆனால் தாயும் தந்தையும் நாட்கூலிக்குக் கொழுந்து மலை ஏறும் வீட்டுப் பிள்ளை, எதைக் கண்டாலும் இது சோறு போடுமா என்றுதானே கேட்பான்? அவ்வினாவுக்கு விடை சொல்வது ஆசிரியன் கடன்.

முடியும் என்பதற்குச் சான்று சரத் கமல். 1982ஆம் ஆண்டு ராஜமுந்திரியிற் பிறந்து சென்னையில் வளர்ந்த இவருக்குத் தந்தையார் சீனிவாசராவும் சிறிய தந்தையார் முரளிதரராவும் ஆசிரியராயினர். 2006இல் மெல்பேர்ண் நகரிலே நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் ஒற்றையர் தங்கப்பதக்கம் வென்றார். அதே தங்கத்தை மீண்டும் வென்றது 2022இல், பேர்மிங்காம் நகரிலே. இடையே 16 ஆண்டுகள் கழிந்தன. வயதோ 40 ஆயிற்று. நொடிப்பொழுதில் முடியும் அடிகளால் ஆன இவ்வாட்டத்திலே அந்த வயதில் முதலிடம் பெறுதல் எளிதன்று.

அந்த 16 ஆண்டும் அவர் கற்ற வித்தையைக் காத்துக்கொண்டு மட்டும் இருந்தாரல்லர்; மீண்டும் மீண்டும் கற்றார். சிறுவராய் அவர் பயின்ற பந்தின் விட்டம் 38 மில்லிமீற்றர். 2000இல் அது 40 ஆகப் பெருத்து வேகம் குறைந்தது. 21 புள்ளிக்கு ஆடிய ஆட்டம் 2001இல் 11 புள்ளியாகச் சுருங்கியது. பிந்தித் தொடங்கி மீள்வதற்கு இடமில்லாதாயிற்று. மட்டையிலே இறப்பரை ஒட்டிய வேகப்பசை 2008இல் விலக்கப்பட்டது. 2014இல் செலுலாயிட் பந்து போய் வேறு பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் கை புதிதாய்ப் பழகவேண்டும். பாடத்திட்டம் மாறுந்தோறும் சலித்துக்கொள்ளும் ஆசிரியராகிய நாம் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

சீவனத்திற்கும் வழி இருந்தது. இந்தியன் ஒயில் நிறுவனத்திலே அவருக்கு உத்தியோகம். ஜேர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளின் கழகங்களுக்காகவும் ஆடினார். ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் பங்குபற்றினார். 2024இல் பாரிஸ் நகரிலே தொடக்க அணிவகுப்பில் இந்தியக் கொடி ஏந்திய இருவருள் ஒருவரானார். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கைகூடவில்லை. 2025 மார்ச்சு மாதம், தாம் வளர்ந்த சென்னையிலேயே கடைசிப் போட்டியை ஆடி ஓய்வு பெற்றார்.

இது ஆள்வினையின் கதை. அடுத்த அதிகாரத்திற்கு உரியவர் வீ. சந்திரசேகர். சரத் கமலுக்கு முந்திய தலைமுறையினர். மூன்று முறை இந்தியாவின் தேசிய வெற்றிவீரர். 1982இல் அருச்சுனா விருது பெற்றவர். 1984இல் முழங்காலிலே செய்யப்பட்ட ஒரு சத்திரசிகிச்சையின்போது நேர்ந்த தவறு அவரை நினைவிழக்கச் செய்தது. மீண்டு விழித்தபோது பார்வையும் பேச்சும் நடையும் அவரிடமிருந்து போயிருந்தன. பந்தின் சுழற்சியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அளந்த ஒருவர், எழுந்து நிற்பதைக் குழந்தைபோலப் பழகவேண்டியவரானார். நீதிமன்றத்திலே நெடுநாள் வழக்காடி இழப்பீடு பெற்றார்; தம் போராட்டத்தை நூலாகவும் எழுதினார். ஆயினும் இழந்த ஆட்டத்தை எந்தத் தீர்ப்புத்தான் மீட்டுத் தரும்?

அவர் மேசையை விட்டு அகலவில்லை. அதன் பக்கத்திலே ஆசிரியராய் நின்றார். அவரிடம் பயின்றவருள் ஒருவரான சத்தியன் ஞானசேகரன், 2019இல் உலக வரிசையில் 24ஆம் இடத்தை அடைந்தார். அதற்குமுன் எந்த இந்தியரும் முதல் 25 இடங்களுக்குள் வந்ததில்லை. 2021 மே மாதம் கொரோனா நோய் சந்திரசேகரைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு ஷில்லாங் நகரிலே நடந்த தேசிய இறுதிப் போட்டியில் ஏழாவது ஆட்டம்வரை போராடியே சரத் கமல் தமது பத்தாவது பட்டத்தை வென்றார். எதிரே நின்றவர் சத்தியன். அதே ஆண்டு பேர்மிங்காமிலே இவ்விருவரும் இணைந்து இரட்டையர் வெள்ளியும் பெற்றனர். 1984இலே அறுந்துபோனது என்று எண்ணப்பட்ட ஓர் ஆட்டம், மாணவனின் கையிலே தொடர்ந்தது.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுவே: “சீவிக்கலாம் தம்பி. ஆனால் உடம்பை நம்பிய தொழில் ஒருநாள் உடம்போடு நின்றுவிடும். அப்போது கைவிடாதிருப்பது நீ கற்றதும், பிறர்க்குக் கற்பிக்க வல்லதுமே. ஆகையால் ஆடு, படிக்கவும் செய்.”

அவன் தலையசைத்துவிட்டுப் புத்தக வலைக்குத் திரும்பினான். ஆசிரிய நண்பர்க்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். ஒன்பது அடி நீளமும் ஐந்து அடி அகலமும் உடைய ஒரு மேசைதான் இவ்வாட்டத்தின் களம். மைதானம் வேண்டா, மழையும் பனியும் தடையல்ல. மலைநாட்டுப் பாடசாலைக்கு இதனினும் பொருத்தமான விளையாட்டு அரிது. பாடசாலைக்கு ஒரு மேசை கிடைக்குமாயின், அடுக்கிய புத்தகங்கள் படிப்பதற்குத் திரும்பிவரும்.